1864-க்குப் பிந்தைய பொருள்

கம்பளி நனைந்தால் ஈர நாய் வாசம் வரும். பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

1864 போரில் எங்கள் டேனியப் படை பனியில் பின்வாங்கிய நடையை ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்தக் காலச் சீருடையில் நடந்து காட்டுகிறோம். கிளம்பும் முன் எல்லோருடைய பையையும் சோதிப்பது பதினெட்டு வருடமாக என் வேலை. 1864-க்குப் பிந்தைய எதுவும் கூட வரக் கூடாது. கைக்கடிகாரம், நைலான் காலுறை, எல்லாம் வெளியே போகும். மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

எப்பே என் நண்பன். முப்பது வருடப் பழக்கம். அவனைப் போல் இன்னொருவன் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. போன வருடம் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்ப்ரே கொடுத்திருந்தார்கள். சிவப்பு மூடி போட்ட சின்னக் குப்பி.

"இத வண்டியிலயே வச்சிட்டு வாயேன்டா. நாலு கிலோமீட்டர்தானே," என்றேன்.

"போடா ஹோல்கர், என் நெஞ்சும்தான் 1864-ல செஞ்சது இல்ல. அதையும் கழட்டி வச்சிட்டு வரவா?" என்றான். வரிசையே சிரித்தது.

நான் கோபப்படவில்லை. அவன் குனிந்து காலணியின் ஆணிகளைக் காட்டியபோது குப்பியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சோதிப்பவனை யாரும் சோதிப்பதில்லை. அந்த ஒரு மணி நேரமாவது எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

மூன்றாவது கிலோமீட்டரில் எப்பே விழுந்தான். சாலையோரம் இருநூறு பேர் கேமராவோடு நின்றார்கள். விழுவதுபோல் நடிப்பவர்கள் எப்போதும் கையை ஊன்றிவிடுவார்கள். எப்பே ஊன்றவில்லை. கூட்டம் கைதட்டியது.

அவன் பைக்குள் துழாவினான். "ஹோல்கர்... காணோம்டா," என்றான். நான் பக்கத்தில்தான் மண்டியிட்டிருந்தேன். அத்தனை கேமராவுக்கு முன்னால் சிவப்பு பிளாஸ்டிக்கை எப்படி எடுப்பது? கூட்டம் நகரட்டும் என்று காத்திருந்தேன். ஒன்பது நிமிடம் ஆனது.

உங்கள் போலீஸ் அறிக்கையில் அவன் அதை வண்டியிலேயே மறந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். என்னிடம்தான் இருந்தது. என்ன மருந்து என்பதும் எனக்குத் தெரியும்.

சவப்பெட்டியை மூடும் முன் போய்ப் பார்த்தேன். அவன் மனைவி ஓஸெ அவனைச் சீருடையிலேயே படுக்க வைத்திருந்தாள். நின்று அழுதேன். கழுத்துப்பட்டியில் கிழிந்திருந்த இடத்தை அவள் பாலியெஸ்டர் நூலால் தைத்திருந்தாள், வெளிச்சத்தில் மினுமினுத்தது. அந்த நூலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரமில்லாதவனாக இருந்தால் சொல்லியிருப்பேன்.