குவியலுக்கு ஓர் ஆள்

இரவு ஏழே கால் மணி. பொங்கல் முடிந்து முதல் சனிக்கிழமை. பேரளம் தாண்டி நன்னிலம் போகிற சாலை. இரண்டு பக்கமும் வயல்... பாதி அறுத்தது, பாதி அறுக்காதது. விளக்கு கிடையாது. பனி இறங்கிவிட்டது. ஒரே ஒரு பைக். அதில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி.

இருங்கள்... அந்த வெங்காயக் கூடையை இப்படித் தள்ளுங்கள், நானும் உரிக்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்குச் சொல்ல வராது. கேசரித் தட்டு அங்கேயே இருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், அடுப்பில் தணல் இருக்கிறவரை நாம் இங்கேயே உட்காரலாம். வானதி, சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடு. பிறகு வராது.

அரசப்பனை உங்களுக்குத் தெரியும். என்னோடு படித்தவன், தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தானே, அவன்தான். அவன் தங்கை பூர்ணிமா. அவள் புருஷன் ராம்கி. பைக்கில் போனவர்கள் அவர்கள் இருவரும்.

பூர்ணிமாவுக்கு மயிலாடுதுறையில் பள்ளிக்கூட வேலை. ராம்கிக்கு நாகப்பட்டினத்தில் வேலை, அங்கேயே ஓர் அறை. வாரம் முழுக்கக் குடித்தனம் போனில்தான். சண்டையும் போனில்தான். ஆனால் சனிக்கிழமையை மட்டும் விடமாட்டார்கள். என்ன சண்டை இருந்தாலும் சனிக்கிழமை ராத்திரி எங்கேயாவது போய் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது அவர்களுக்குள் ஒரு பேச்சு. ஒரு வாரம் கும்பகோணம், ஒரு வாரம் காரைக்கால், ஒரு வாரம் தரங்கம்பாடியில் வறுத்த மீன்.

"ரெண்டும் ஊர் ஊரா எலை போட்டுக்கிட்டுத் திரியுதுங்கடா" என்று அரசப்பன் கேலி செய்வான். ஆனால் அந்த ஒருவேளைச் சாப்பாட்டில்தான் அந்தக் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

அன்றைக்குத் திருவாரூர் போவதாக ஏற்பாடு. நன்னிலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வாய்க்கால் பாலம். ஹெல்மெட் கண்ணாடியில் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ராம்கி வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியைத் துடைத்தான்.

முதலில் வந்தது வாசனை என்றாள் பூர்ணிமா. ஈர நெல் முளை விட்டால் வருமே... புளித்த மாதிரி, சூடாக, ஒரு வாடை. அப்புறம்தான் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. நெல் கொள்முதல் களம். பெரிய சிமெண்ட் தரை. அதில் ஒரே ஒரு குவியல், தார்ப்பாய் போட்டு மூடி. தார்ப்பாயிலிருந்து பனித் தண்ணீர்... சொட்... சொட்... பக்கத்தில் ஒரு பெரியவர், குவியலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். முகம் தெரியவில்லை.

"தம்பி... பதினோரு நாளா இங்கேயே கெடக்குறேன். ஈரம் இன்னும் காயல, எடுக்க மாட்டோங்குறாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடியாந்துடுறேன். அதுவரைக்கும் குவியலைக் கொஞ்சம் பாத்துக்குறீங்களா?"

ராம்கியின் அப்பா குத்தகைக்கு நெல் போட்டவர். சின்ன வயதில் ராம்கியே குவியல் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன். மாடு வாய் வைக்கும், மழை வரும், யாராவது நாலு மூட்டை அள்ளிக்கொண்டு போவான். குவியலை விட்டு நகர முடியாது. களத்தில் ஒருத்தர் இப்படிக் கேட்டால் நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிடும்.

"போயிட்டு வாங்க பெரியவரே. நான் இருக்கேன்."

பெரியவர் எழுந்தார். பனிக்குள் நடந்தார். காலடிச் சத்தம் கேட்டதா என்று பூர்ணிமாவை நான் கேட்டேன். கேட்கவில்லை என்றாள்.

கால் மணி நேரம்... அரை மணி... ஒரு மணி நேரம். ஆள் வரவில்லை. சாலையில் ஒரு வண்டியும் இல்லை. குளிர். அவள் முந்தானையைக் காதுவரை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"என்னங்க... பசிக்குதுங்க. கடை சாத்திடுவான்."

"சொல்லிட்டேன் பூர்ணி."

"அவரு சாப்பிட்டு எங்கயாச்சும் படுத்திருப்பாரு. நெல்லுதானே, யாரு தூக்கிட்டுப் போகப் போறா? நமக்கு இருக்கறதே இந்த ஒரு நாளு. வாங்க."

வந்தான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அவள் கேட்டதில் என்ன தப்பு, சொல்லுங்கள்? பசித்தது. இன்றுவரை அந்தப் பெண் அதை நினைத்து நினைத்து மாய்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

திருவாரூரில் ஓட்டல் திறந்துதான் இருந்தது. சுடச்சுடப் பரோட்டா வந்தது. ராம்கி பிய்த்தான், வாயில் வைக்கவில்லை. பரிமாற வந்தவரை நிறுத்தி, "இங்க சாக்குப் போத்திக்கிட்டு ஒரு பெரியவர் சாப்பிட வந்தாரா?" என்று கேட்டான். அப்படி யாரும் வரவில்லை என்றார் அவர். அவள் மட்டும் சாப்பிட்டாள். எதிரில் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். கல்யாணமான நாலு வருஷத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் போனில் அவன் சண்டையே போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. என்ன கேட்டாலும் ஒரே பதில். "அவரு இன்னும் சாப்பிட்டு வரல பூர்ணி." அவனோடு அறையில் தங்கியிருந்தவர் அப்துல் ஹமீது. அவர் வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இவரு சரியாவே சாப்பிடறதில்லம்மா. ராத்திரியெல்லாம் செவுத்துல சாஞ்சு உக்காந்துருக்காரு. மழை வருதா, மழை வருதான்னு எழுந்து எழுந்து ஜன்னலைத் திறந்து பாக்குறாரு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். இளைத்திருந்தான். இந்தத் தடவை கும்பகோணம் என்று அவள்தான் சொன்னாள். அந்தச் சாலைப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று. சரி என்றான். கும்பகோணம் சாலை பிரிகிற இடம் வந்தது. வண்டி திரும்பவில்லை. தோளைத் தட்டினாள், கத்தினாள். அவன் வண்டியை நிறுத்தவில்லை. பேரளம் போயிற்று. வாய்க்கால் பாலம் வந்தது. நின்றான்.

வண்டி வெளிச்சத்தில் பார்த்தாள். களம் காலி. குவியல் இல்லை, தார்ப்பாய் இல்லை. சிமெண்ட் தரை வெடித்து, வெடிப்பில் எல்லாம் புல். ரொம்ப நாளாக யாரும் நெல் கொட்டாத இடம். ஆனால் அந்த வாடை மட்டும் இருந்தது.

ராம்கி சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். "நீ போய் சாப்பிட்டுட்டு வா. நான் இருக்கேன்" என்றான். களத்தின் நடுவில் போய் உட்கார்ந்தான். மெதுவாகப் பின்னால் சாய்ந்தான்.

சாய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அவன் விழவில்லை.

...வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டீர்களே எல்லோரும். உரியுங்கள்.

இழுத்தாள். கையைப் பிடித்து, சட்டையைப் பிடித்து, காலைப் பிடித்து இழுத்தாள். கை ஈரச் சாக்கு மாதிரி இருந்தது என்றாள். ஒரு விரற்கடை நகர்த்த முடியவில்லை. சாலைக்கு ஓடினாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. டிரைவர் டார்ச் எடுத்துக்கொண்டு கூட வந்தார். ராம்கி இல்லை. தரை முழுக்கப் பனியில் நனைந்து மினுமினு என்றிருந்தது. ஓர் இடத்தில் மட்டும், பெரிய வட்டமாக, காய்ந்த தரை. ஒரு குவியல் அளவுக்கு. அதை ஒட்டி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இன்னும் கொஞ்சம்.

போலீஸில் சொன்னார்கள். வாய்க்காலில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஒன்றுமில்லை. அரசப்பன் அந்தப் பக்கமெல்லாம் விசாரித்தான். பாலத்துக்கு அந்தண்டை டீக்கடை வைத்திருக்கிற ஜெகபர் அலி என்பவர்தான் சொன்னார்.

"அவரு பேரு அமிர்தலிங்கம். அஞ்சு வருஷம் இருக்கும். பனியில நெல்லு காயாம, பன்னெண்டாம் நாளு காலைல பாத்தா, குவியல்ல சாஞ்ச மேனிக்கே போயிட்டாரு. மொத நாளு ராத்திரி எல்லார்கிட்டயும் கேட்டாரு. யாராச்சும் பாத்துக்குங்கப்பா, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடுறேன்னு. மழை இருட்டிக்கிட்டு நின்னுச்சு, அவங்கவங்க நெல்லை மூடவே ஆள் இல்ல. எங்கிட்டயும் கேட்டாரு தம்பி. கடையில கூட்டம்... நான் காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன்."

அதற்கப்புறம் களத்தையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஐந்து வருஷம் கழித்து ஒருத்தன் சரி என்றான். பெரியவர் சாப்பிடப் போய்விட்டார். இனி எதற்குத் திரும்பி வருவார்?

பூர்ணிமா விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போகிறாள். வழியில் இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறாள். அரசப்பன் இரண்டு வாரம் கூட்டிக்கொண்டு போனான். மூன்றாவது வாரம் முதுகுவலி என்றான். "உன் காரை எடுத்துட்டுப் போடா, தங்கச்சி பாவம்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

போன சனிக்கிழமை. ஏழே கால் மணி. மாசி பிறந்தும் பனி விடவில்லை. நான் காரை நிறுத்தினேன். அவள் பொட்டலத்தோடு களத்தில் போய் நின்று, இருட்டைப் பார்த்து, "என்னங்க... சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். சமையலறையிலிருந்து கூப்பிடுவது போல, சாதாரணமாகக் கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் களத்தில் ஏறினேன்.

வாடை வந்தது. சிமெண்ட்டில் நெல்லைத் தள்ளுகிற சத்தம்... சர்ர்... சர்ர்... நின்றது. அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில், மூச்சுப் படுகிற தூரத்தில், ராம்கியின் குரல். நன்றாகத் தெரிந்த குரல், அவன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நான்.

"அண்ணே... கொஞ்ச நேரம் பாத்துக்குறீங்களா? அவ தனியா நிக்கிறா. அவளோட ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடியாந்துடுறேன்."

ஒரு வார்த்தைதான். வாய் தானாகச் சொல்லிவிடும் என்று சொன்னேன் இல்லையா? சொல்ல வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்... ரத்தம் வந்தது. மறுபடி கேட்டான். கெஞ்சிக் கேட்டான். நான் பேசாமல் போய்க் காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றினேன். ஹாரன் அடித்து அவளைக் கூப்பிட்டேன்.

அவளே அந்தக் குவியலைப் பார்த்துக்கொள்ளலாமே என்று நினைக்கிறீர்கள். அவள் உட்கார்ந்தால் அவன் எழுந்து போகலாம்தான். போய் யாரோடு சாப்பிடுவான்? அவர்களுக்கு வேண்டியது மூன்றாவதாக ஓர் ஆள். இது எனக்குக் காரில் வரும்போதுதான் உறைத்தது.

பேரளம் தாண்டினோம். மடியில் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அப்புறம் கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லம்மா. காத்துதான்."

அவள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணனும் இதையேதான் சொன்னாங்க" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் நன்றாகப் பசிக்கிறது எனக்கு. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

நாளைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் பெண் அழைப்பு இருக்கிறது, தெரியும். ஆனால் பூர்ணிமா போன் பண்ணியிருக்கிறாள். "கார்ல எடம் இருக்குமே அண்ணே, யாராச்சும் கூட வந்தா அழைச்சிட்டு வாங்க" என்றாள். நன்னிலம் ஒன்றும் ரொம்ப தூரம் இல்லை. வழியில் நல்ல ஓட்டலில் சாப்பாடு வாங்கித் தருகிறேன்.

யார் வருகிறீர்கள்?

...ஏன் எல்லோரும் அடுப்பையே பார்க்கிறீர்கள்?