மன்னிப்புச் சீட்டு

இந்த முதியோர் இல்லத்தில் காலைக் கஞ்சி நன்றாகவே இருக்கும். ஓட்ஸைக் குழைய வேகவைத்து, மேலே பட்டைத்தூள் தூவி, டானிக்காதான் கொண்டுவந்து ஊட்டுவாள். சமையலறையில் வேலை அவளுக்கு. ஒருகாலத்தில் என் மாணவி.

மின்னசோட்டாவில் முப்பத்தோரு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன், செல்லங்களா. என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. அதைக் கொடுமை என்றார்கள். அமைதி என்பது என் அபிப்பிராயம்.

டானிக்காதான் பள்ளியில் முதலிடம். அம்மா மோட்டலில் அறை கூட்டுபவள். உதவித்தொகை கிடைத்தால்தான் கல்லூரி. நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். மே மாதக் கடைசி வாரம், படிப்பை முடித்துப் போகிறவர்கள் ஆசிரியர்களிடம் குறும்பு செய்யலாம். செய்தவர் பிறகு ஒரு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். எவ்வளவு திமிராக எழுதுகிறார்களோ அவ்வளவு கைதட்டல். எல்லாவற்றையும் தலைமையாசிரியர் பலகையில் குத்திவைப்பார்.

அந்த வருடம் என் முறை வந்தது. உணவை மூடும் பிளாஸ்டிக் தாளால் என்னை உருளை நாற்காலியோடு சுற்றி, நடைவழியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மிஸ், கொஞ்சம் சிரிங்க. சிரிச்சா மார்க் கொறைஞ்சிடுமா?" என்றான் ட்ரென்ட் என்ற தடியன்.

"சும்மா இருடா, மிஸ் உள்ளுக்குள்ள சிரிச்சிட்டுதான் இருக்காங்க. பல்லு மட்டும் லீவு," என்றாள் டானிக்கா, அச்சு அசலாக என் குரலில்.

வகுப்பே சிரித்தது. மூன்று நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவளே தாளைக் கத்தரித்தாள். "வலிச்சுதா மிஸ்? சாரி மிஸ்," என்று எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு கொடுத்தாள். கேக் சுமார்தான். சீட்டையும் நீட்டினாள்: "மிஸஸ் தோர்வால்டைக் கட்டிப்போட்டது நானேதான். துளியும் வருத்தமில்லை. வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் இறுக்கிக் கட்டுவேன்." கீழே அழகான கையெழுத்து.

எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினேன். கோப்பு அலமாரியின் இரும்பு இழுப்பறையில் இடது மணிக்கட்டை வைத்து மூடினேன். வலது கை வேண்டியிருந்தது, மார்க் போட. முதல் தடவை சரியாக வரவில்லை. சரியாக வராததைத் திரும்பச் செய்யச் சொல்வது என் வழக்கம். எனக்கு மட்டும் சலுகை காட்டுவேனா? இரண்டாம் தடவை எலும்பு முறிந்தது.

டானிக்கா இறுக்கிக் கட்டியதில் முறிந்தது என்று புகார் கொடுத்தேன். வகுப்பில் இருபது பேர் பார்த்தார்களே என்பீர்கள். பார்த்தார்கள்தான். ஆனால் கடைசிப் பரீட்சைக்கு நான் இன்னும் மார்க் போட்டிருக்கவில்லை. போலீஸ் கேட்டபோது, எவ்வளவு இறுக்கினாள் என்று யாருக்கும் நினைவில்லை. ட்ரென்டுக்கும் இல்லை. அவனுக்கு நல்ல மார்க்கே போட்டேன்.

சீட்டை நீதிமன்றத்தில் உரக்கப் படித்தார்கள். எங்கள் பள்ளி வழக்கத்தை நீதிபதி கேள்விப்பட்டதில்லை. எட்டு மாதம் சிறை. உதவித்தொகை இரண்டாமிடத்துப் பிள்ளைக்குப் போயிற்று. அவன் இப்போது பல் மருத்துவன், அதுவும் சுமார்தான்.

இருபத்தாறு வருடமாகிவிட்டது. குளிர்காலத்தில் மணிக்கட்டு வலிக்கும். நேற்றுக் காலை அதற்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த டானிக்கா திடீரென்று நிறுத்தினாள்.

"மிஸ், எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன். வெளையாட்டாத்தான் சுத்துனேன், சத்தியமா. அவ்ளோ இறுக்கமாவா சுத்திட்டேன்?"

நரைத்த தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். என் கையை விடவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"போனது போகட்டும்மா," என்றேன். "நான் உன்ன அப்பவே மன்னிச்சிட்டேன்."

மனதில் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை.