சுருதிக் கருவிக்கு நான் தந்த சான்று

பகல் இரண்டரை மணியிலிருந்து நாலரை மணி வரை என்ன செய்வது என்று, ஓய்வு பெறுகிற யாருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. காலையில் பத்திரிகை இருக்கிறது, மாலையில் நடை இருக்கிறது. நடுவில் அந்த இரண்டு மணி நேரம் இரண்டு வருடமாக நீளும்.

முப்பத்தெட்டு வருடம் எடை அளவு அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. நான் தெருமுனையில் திரும்பினாலே தராசு முள்ளெல்லாம் தானாக நிமிர்ந்து நிற்கும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சொன்னது நான்தான். ஆனால் பொய்த் தராசுக்கு ஒருநாளும் முத்திரை குத்தியதில்லை. அது மிகையில்லை.

அறுபத்தொரு வயதில், அந்த இரண்டு மணி நேரத்தைக் கொல்வதற்காகக் கிடார் வாங்கினேன். தேர்ந்தெடுத்துத் தந்தவன் மாடியில் குடியிருக்கும் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. இசைக்கருவிக் கடையில் வேலை. வருகிற கிடார்களுக்குத் தந்தி மாற்றிச் சுருதி சேர்த்துக் கொடுப்பான். அவன் காதுதான் எங்கள் குடும்பச் சொத்து. "அக்கா, உன் குக்கர் இன்னிக்கு அரை ஸ்வரம் கம்மியா கத்துது" என்று மாடியிலிருந்தே குரல் கொடுப்பான். என் மனைவி ரப்பர் வளையத்தை மாற்றினால் குக்கர் சரியாகிவிடும்.

என் விரல்கள் கிடாருக்கு வளையவில்லை. ஆகவே விரலை விட்டுவிட்டு முறுக்காணியைப் பிடித்தேன். தடித்த தந்தியை இறக்கிக்கொண்டே போனேன். துணி காயப்போடும் கயிறு மாதிரித் தொய்ந்து, அதற்குப் பிறகும் முனகியது. மற்றவற்றையும் அதற்கேற்ப ஏற்றி இறக்கி, மூன்று வாரம் பாடுபட்டேன். கடைசியில் ஐந்து தந்திகள் ச, ப, ச, ப, ச என்று வரிசையாக நின்றன. மெல்லிய தந்தி மட்டும் அரைப்படி சறுக்கிச் சின்னக் காந்தாரத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு விரலும் வைக்க வேண்டாம். மொத்தமாக ஒருமுறை வருடினால் போதும், யாரோ நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்த மாதிரி ஒரு துக்கம் எழும்பும். அடித்தந்தியைத் தட்டினால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டியில் அலையடிக்கும். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வைத்திருப்பது சரியா என்று பார்த்தவன் நான். நானாக ஒன்றை உண்டாக்கியது அதுதான் முதல் தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். மச்சினன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அத்தான், கிடார் அழலை. கொட்டாவி விடுது."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

"இது எல்லாருக்கும் தெரிஞ்ச சுருதிதான். நீங்க புதுசா கண்டுபிடிச்சதுன்னு நெனச்சீங்களா? குடுங்க, மூணாவது தந்தி ஒரு மயிரிழை ஏறியிருக்கு."

கேட்காமலே வாங்கி, முறுக்காணியை ஒரு தொடு தொட்டுத் திருப்பிக் கொடுத்தான். வருடிப் பார்த்தேன். அவன் செய்தது சரியாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிடாரின் தலையில் கவ்வி மாட்டுகிற சின்னச் சுருதிக் கருவி ஒன்று அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். தந்தி சரியாக நின்றால் பச்சை விளக்கு எரியும். அவனுக்கு அது தேவையில்லை. வாடிக்கையாளர் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட வேண்டுமே, அதற்காக. அதன் முதுகில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கருவி எந்த எண்ணை அடிப்படையாக வைத்து அளக்கிறது என்று காட்டும். வழக்கமாக நானூற்று நாற்பது, அதனால் அவன் அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. அதைக் குறைத்துவிட்டால் பச்சை விளக்கு தாழ்ந்த சுருதிக்கு எரியும். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடுவது அவன் பழக்கம். ஒருநாள் அந்த எண்ணை நான் நானூற்று முப்பத்தொன்பதாக்கினேன். விளையாட்டுக்குத்தான்.

என் தொழில் கற்றுத்தந்த பாடம் ஒன்று. ஒரே நாளில் நூறு கிராம் திருடுகிற கடைக்காரன் அன்றைக்கே மாட்டுவான். வாரத்துக்கு இரண்டு கிராம் திருடுகிறவனுக்கு நம்பகமான கடை என்று பெயர். நான் வாரத்துக்கு ஒன்று குறைத்தேன்.

ஏழாவது வாரம் படியேறும்போது பாடுவதை நிறுத்தினான். கடையிலிருந்து போன கிடார்கள் மற்ற வாத்தியங்களோடு ஒட்டவில்லை என்று திரும்பி வந்தன. காதால் சேர்த்தால் கருவி தப்பு என்றது. கருவியால் சேர்த்தால் வாசிப்பவர்கள் தப்பு என்றார்கள். கடையில் இருக்கும் இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காதைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவன், தன் காதில் தனக்கே சந்தேகம் என்று முதலாளி முன்னால் காட்டிக்கொள்ள மாட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

அவன் என்னிடம்தான் வந்தான்.

"அத்தான், அளவு விஷயத்துல உங்களை மிஞ்சி ஆள் கிடையாது. இது ஒழுங்கா காட்டுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த எண்ணைத் திரும்ப நானூற்று நாற்பதாக்க மூன்று விநாடி போதும். மறுநாள் அப்படியே அவன் கையில் கொடுத்தேன்.

"கருவியில குத்தமில்லை, மாப்ளே."

"அப்ப எனக்குத்தான்."

"வயசாகுதுல்ல."

அவன் அதைப் பையில் போட்டுக்கொள்ள நீண்ட நேரம் எடுத்துக்கொண்டான். பை வாய் எங்கே என்று கைக்குத் தெரியவில்லை.

என் மனைவி அழுது அடம்பிடித்ததால் காது பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி முதுகு நிமிர்ந்திருந்தது. அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, பரிசோதித்த பெண் தாளை என்னிடம் கொடுத்து, "சார், இருபது வயசுப் பசங்களுக்கே இப்படிக் காது இருக்காது. சந்தோஷமா கூட்டிட்டுப் போங்க" என்றார். தாளை எட்டாக மடித்தேன். தெருவில் நடக்கும்போது, "கொஞ்சம் தேய்மானமாம். பெருசா ஒண்ணுமில்லை" என்றேன். அவன் தலையாட்டினான். தாளைக் கேட்கவில்லை. நான் பார்த்துச் சொன்னால் அவனுக்குப் போதும்.

அடுத்த மாதம் வேலையை விட்டான். தன் கிடாரை என்னிடம் கொடுத்துவிட்டான், என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது. அதில் என் தாழ்ந்த சுருதி இன்னும் ஆழமாக இறங்குகிறது. இப்போது யாராவது பேசினால், பேசுகிறவர் உதட்டைப் பார்க்கிறான். நன்றாகக் கேட்கிற காதை வைத்துக்கொண்டு உதட்டைப் பார்க்கிறான்.

எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்ய முடியாமல் தாடி விட்டிருக்கிறேன். என் மனைவி அழகாக இருக்கிறது என்கிறாள், அது இன்னும் மோசம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை மாடிப்படி ஏறினேன். இரண்டு தடவை பாதியில் திரும்பினேன். மூன்றாவது தடவை கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான், உக்காருங்க. மத்தவங்கல்லாம் எனக்குச் சமாதானம்தான் சொன்னாங்க. முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்னவர் நீங்க ஒருத்தர்தான்."

டீ போட்டுக் கொடுத்தான். குடித்துவிட்டு இறங்கி வந்தேன். எத்தனையோ மாதம் தவித்த மனிதன் இப்போதுதான் அமைதியாக இருக்கிறான். அதைப் போய்க் கெடுக்கிற அளவுக்கு நான் கொடுமைக்காரன் இல்லை.