குளவிக்காக விட்ட செருப்பு

நல்ல வெயில். சின்னமனூரில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த பெண்ணின் காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

“செருப்பு எங்கடி?”

“குளவிக்காக வாசல்லயே போட்டுட்டு வந்துட்டேன்க்கா. அதை ஒட்டித்தான் குழி தோண்டுச்சு. செருப்பை நகட்டுனா வழி தெரியாம அங்கனயே சுத்துது.”

“இன்னுமா தோண்டுது?”

“இல்லக்கா. புழுவை இழுத்துட்டு வந்து உள்ள போட்டு, முட்டை வச்சு, மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிருச்சு. இனி வராது.”

“அப்பறமென்ன? மாட்டிக்கிட்டு வர வேண்டியதுதான?”

ஜன்னலில் திராட்சைப் பந்தல்கள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றைப் பார்த்தபடி அந்தப் பெண் சொன்னாள்.

“உள்ள இருக்கிறது ஆத்தா முகத்தைப் பாக்காமத்தானக்கா வெளிய வரும். ஆத்தா பாத்த செருப்பாவது அங்கன கெடக்கட்டும்.”