தலையணைக்கு வந்த ஆம்புலன்ஸ்

உங்கள் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்கிறது, மேடம். அதை நிறுத்திவிட்டால் என் வாக்குமூலம் தெளிவாகப் பதிவாகும். தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரசுத் திட்டங்களுக்கு ஆவணப்படம் எடுப்பது என் வேலை. கழிப்பறை, சோலார் விளக்கு, கோழி வளர்ப்பு எல்லாம் எடுத்திருக்கிறேன். கேள்வி கேட்காமல் நடித்தவை கோழிகள் மட்டும்தான்.

அன்றைக்கு எடுத்தது கிராமப்புறப் பிரசவ ஆம்புலன்ஸ் பற்றி. நிஜக் கர்ப்பிணியை வெயிலில் நிறுத்தி வேலை வாங்க எனக்கு மனம் வரவில்லை. நானும் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். அதனால் மச்சினியின் வயிற்றில் தலையணையைக் கட்டினோம். கேமரா அவளுடைய அண்ணன், என் மச்சான். செலவில்லாத குடும்பம்.

என் படப்பிடிப்பில் ஒரு பழக்கம் உண்டு. எல்லார் போனையும் வாங்கி, சத்தத்தை அடக்கி, என் தோள்பையில் போட்டுக்கொள்வேன். ஆம்புலன்ஸ் டிரைவர் தயங்கினார்.

"சார், இது டூட்டி போன். கேஸ் வந்தா இதுலதான் கூப்பிடுவாங்க."

"ஒரே ஷாட்டுண்ணே" என்றேன். எங்கள் தொழிலில் அதை யாரும் நம்பமாட்டார்கள். பாவம், அவர் வெளியாள்.

முதல் முறை வண்டி வந்து நின்றதும் மச்சினி படியிறங்கினாள். தலையணை முழங்காலுக்கு வந்துவிட்டது. "மாமா, புள்ள தானா இறங்கிருச்சு" என்றாள். மச்சான் சிரித்ததில் கேமரா ஆடிப்போனது. அடுத்த முறை ஒரு நாய் குறுக்கே வந்தது.

அப்போதுதான் பை அதிர்ந்தது. டிரைவரின் போன். எடுத்துப் பார்த்தேன், மேடம், பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பொழுது சாயும் நேரத்து மஞ்சள் வெளிச்சம் யாருக்காகவும் நிற்காது. போனைத் திரும்ப உள்ளே போட்டேன். அது விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. இடுப்போரம் ஒரு பூனை படுத்திருப்பது போல, சொல்லப்போனால் இதமாகவே இருந்தது.

மறுபடி வண்டி வந்தபோது பக்கத்துச் சந்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். கழுத்தில் அளவு நாடா, காலில் செருப்பில்லை. தையல்காரர். வண்டியை மறித்து நின்றார்.

"வந்துட்டீங்களா சார். எவ்வளவு நேரமா கூப்பிடுறேன். என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

டிரைவர் இறங்கி என்னிடம் வந்தார். "போனைக் குடுங்க சார். நான் போகணும்."

"பக்கத்துச் சந்துதானே. ஒரு க்ளோசப் பாக்கி இருக்கு. முடிச்சுட்டுப் போயிடுங்க."

டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். வண்டியை இருட்டும்வரை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவர் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டையும் நான்தான் நினைவூட்டினேன்.

மச்சினி தலையணையை அவிழ்த்து எறிந்தாள். "மாமா, அந்த அக்காவைக் கூட்டிட்டுப் போகட்டும், விடுங்க." மறுபடி கட்டச் சொன்னேன். முகம் வெளிறி, உதடு நடுங்க ஸ்ட்ரெச்சரில் படுத்தாள். அவ்வளவு நன்றாக அவள் அதுவரை நடித்ததே இல்லை.

தையல்காரரைச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். அவர் நிழல் காட்சியில் விழுந்தது.

வெளிச்சம் போனதும் வண்டியை அனுப்பிவைத்தேன். அவர் மனைவி வழியிலேயே இறந்துவிட்டார். குழந்தை வெளியே வரவே இல்லை.

அந்தப் படத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது தையல்காரரின் ஓட்டம்தான், மேடம். மச்சான் கேமராவை நிறுத்தாமல் இருந்தான், கெட்டிக்காரன். எந்த நடிகனாலும் அப்படி ஓட முடியாது. 'அழைத்த மறுகணம் வாசலில்' என்று பின்னணிக் குரல் சேர்த்தேன். அதை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். அவர் ஊரிலும். அதன் பிறகுதான் புகார் கொடுத்திருக்கிறார்.

ஆமாம், தெரிந்துதான் வண்டியை நிறுத்திவைத்தேன். ஆனால் நீங்கள் படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். அவர் ஓடிவருகிறார், வண்டி கிளம்புகிறது, அடுத்த காட்சியில் ஒரு கைக்குழந்தை கொட்டாவி விடுகிறது. பார்க்கிற எல்லாருக்கும் அவர் மனைவி பிழைத்துக்கொண்டவர். அந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறு யார் செய்தார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.