கல்லுக்கு ராசி பாக்கணும்

இல்லண்ணா, காபி வேணாம். ஒடனே கெளம்பணும். பத்மாக்கா போனையே எடுக்க மாட்டேங்கறாங்களே. ஆபரேஷன் தியேட்டர் டூட்டியா? அதான பாத்தேன். நான் லக்ஷ்மிப்ரியாண்ணா. சிட்டியில அந்த அமெரிக்கா வைரக்கடை இருக்குல்ல, ஆல்டன் அண்ட் க்ரே, அங்க சேல்ஸ்ல இருக்கேன். முந்தாநாள் அக்கா கடைக்கு வந்திருந்தாங்க.

வாசல்ல பழைய சாமானெல்லாம் குவிச்சிருக்கீங்க, கவுன்சில் க்ளீன்-அப்பா? லாரி வந்து அள்ளிட்டுப் போறது இன்னிக்கா? ஆமா, இந்த கெல்லிவில் ஏரியாவுல தெரு பூரா அப்படித்தான் கெடக்கு.

எங்க கடை நியூயார்க்ல ஆரம்பிச்சு நூத்தி எழுபது வருஷம் ஆச்சுண்ணா. ரெண்டு பேரு, ஒரு மரப்பெட்டி, தெருமுனையில கடிகாரச் சங்கிலி வித்தாங்களாம். அப்புறம் பாத்தா, ஊர்ல இருக்கற கோடீஸ்வரங்க வீட்டுக் கல்யாணம் பூரா இவங்க நகைதான். ஆல்டனோட சொந்தத் தம்பி, வண்டிய விட்டு எறங்க முடியாத ஒரு கெழவிக்குக் காட்டலாம்னு மோதிரத்தத் தெருவுக்கு எடுத்துட்டுப் போனாராம். அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. டிரெய்னிங்ல மொத நாளு இந்தக் கதையத்தான் சொன்னாங்க. விலை குடுக்காம ஒரு கல்லு வாசப்படி தாண்டக் கூடாது, அதுக்கப்புறம் இதுவரைக்கும் தாண்டினதில்லன்னு.

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. கோயமுத்தூர்ல நான் இருந்த கடையில ராசி பாக்காம யாரு வைரம் வாங்குனா? மூணு ராத்திரி வீட்ல வச்சுப் பாப்பாங்க. கெட்ட கனவு வந்தா திருப்பிக் குடுத்துடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா? அக்காவும் அதேதான் கேட்டாங்க. பழக்க தோஷம்ணா, சரின்னு தலைய ஆட்டிட்டேன். கடையில யார்ட்டயும் மூச்சு விடல.

இன்னிக்குத் திடீர்னு சொல்றாங்க, நாளைக்கு நியூயார்க்ல இருந்து ஆள் வந்து லாக்கரத் தெறந்து ஒவ்வொரு கல்லா எண்ணப் போறாங்கன்னு. என் விசாவே அந்தக் கடை குடுத்ததுண்ணா. மத்தியானத்துல இருந்து அக்காவுக்குப் பத்து தடவ போன் அடிச்சுட்டு, நேரா இங்க வந்துட்டேன்.

வேற ஒண்ணுமில்ல. அக்கா தலகாணி உறைக்குள்ள ஒரு மோதிரம் இருக்கும், அங்கதான் வச்சிருக்கறதா மெசேஜ் போட்டிருந்தாங்க. எடுத்துக் குடுத்தீங்கன்னா நான் போயிட்டு வந்துடுவேன்.

ஏண்ணா அப்படி முழிக்கறீங்க? புது மெத்தையா? எப்ப வந்துச்சு? அப்ப பழைய மெத்த, தலகாணியெல்லாம்...

அண்ணா, வெளிய என்ன அது லாரி சத்தம்?