அகலமாக்கிய கல்யாண ரிக்‌ஷா

– தள்ளாதீங்க மாப்பிள்ளை, தள்ளாதீங்க! இன்னும் ஒரு தள்ளு தள்ளினா கதவு நிலையும் சேந்து ஊர்வலம் வரும்.

– என்ன ஆச்சு மிஸ்திரி பாய்?

– என்ன ஆகணும்? உங்க கல்யாண ரிக்‌ஷா என் பட்டறை வாசல்ல சிக்கிடுச்சு. முன் சக்கரம் சந்துல. சீட்டு நிலைக்கு நடுவுல. நாம ரெண்டு பேரும் உள்ள.

– எப்படிச் சிக்கும்?

– பொண்ணோட பாவாடை பெரிசு, சீட்டை அகலமாக்குங்கன்னீங்க, ஆக்கினேன். தலைக்கு மேல பூ வளைவு வேணும்னீங்க, இரும்புலயே வளைச்சு வெல்டு வச்சேன். டாக்காவுல பாதி ரிக்‌ஷா என் கையில பொறந்ததுன்னு பீத்திக்குவேன். என் பட்டறை வாசலை மட்டும் அளக்க மறந்துட்டேன்.

– பரவால்ல பாய். அவசரம் இல்ல.

– அவசரம் இல்லையா? பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகை முடிஞ்சதும் உங்களுக்கு நிக்காஹ்! காஜி வந்து வெத்தலை மென்னுக்கிட்டு இருப்பாரு. ஜொரினா! ஏ ஜொரினா!

– என்னங்க, சந்து முழுக்கக் கேக்குற மாதிரி கத்துறீங்க? யா அல்லா! யாரு இதை வாசல்ல ஆப்பு மாதிரி அடிச்சு வச்சது?

– உன் புருஷன்தான். வேற யாரு?

– அதானே, கேட்டிருக்கவே வேணாம். உள்ள வேற யாரு சத்தம்?

– மாப்பிள்ளை.

– கல்யாண மாப்பிள்ளையை உள்ள வச்சு அடைச்சிட்டீங்களா? நாளைக்கு நான் எப்படிங்க தெருவுல தலைகாட்டுறது?

– அப்புறம் திட்டு. பெரிய ஸ்பேனரைப் பக்கத்துக் கடை குத்தூஸ் வாங்கிட்டுப் போனான், ஓடிப் போய் வாங்கிட்டு வா. பின் சக்கரத்தைக் கழட்டினா வண்டி நழுவிடும்.

– இதோ ஓடுறேன். தம்பி, நீங்க கவலைப்படாதீங்க. இந்த ஆளு செய்யற எதுவும் ரொம்ப நேரம் கெட்டியா நிக்காது.

– கேட்டீங்களா மாப்பிள்ளை? இதான் கல்யாணம். இப்பவே காதைப் பழக்கிக்குங்க.

– நல்லாத்தான் இருக்கு பாய். திட்டுறதுக்காவது ஒருத்தங்க வாசல்ல வந்து நிக்கிறாங்களே.

– அது சரி. போனை எடுங்க, வீட்டுக்குச் சொல்லிடுவோம்.

– சார்ஜ் இல்ல.

– பைக்குள்ள என்னமோ மினுக்குதே?

– அது... டார்ச்சு.

– டார்ச்சு ‘அக்கா’ன்னு எழுத்துல காட்டுமா? சரி, எடுக்காட்டிப் போங்க. குனிஞ்சு அச்சுக்கு அடியில புகுந்துடுங்க, நான் பின்னால இருந்து தள்ளுறேன்.

– ஷெர்வானி அழுக்காயிடும்.

– அந்த ஷெர்வானியோடதான் மத்தியானத்துலேர்ந்து என் பெயிண்ட் டப்பா மேல உக்காந்திருக்கீங்க!

– பாய், வலது கைப்பக்கம் இன்னொரு மணி மாட்டலாமா? வெறிச்சுன்னு இருக்கு.

– மணியா? இப்பவா? குஞ்சம் கட்டினேன், பத்தலைன்னீங்க. மயில் வரைஞ்சேன், அதுக்கு ஜோடி மயில் கேட்டீங்க. லுப்னான்னு பொண்ணு பேரைப் பெரிசா எழுதியாச்சு. ஷாஹீன்னு உங்க பேரை எங்க எழுதட்டும்னு கேட்டா, அப்புறம் பாக்கலாம்ங்கறீங்க. வாசலை அளக்காத முட்டாள்தான் நான். ஆனா அவ்வளவு முட்டாள் இல்ல. உங்களுக்கு இந்தப் பொண்ணு வேணாமா?

– பெயிண்ட் நல்லாக் காஞ்சிடுச்சு பாய்.

– நான் பெயிண்டைக் கேக்கல. அங்க ஒரு பொண்ணு சிவப்புல ஜோடிச்சு உக்காந்திருக்கா. மாப்பிள்ளை வரலைன்னா ஊரு யாரை மெல்லும்? உங்களையா? எனக்கும் ரெண்டு தங்கச்சி இருக்காங்க. ஒருத்தியோட மாப்பிள்ளை லேட்டா வந்ததுக்கே எங்கம்மா மயங்கி விழுந்தாங்க.

– நீங்க நல்ல மனுஷன் பாய்.

– இதுவும் பதில் இல்ல.

– என்னங்க! ஸ்பேனர் கிடைச்சிடுச்சு! குத்தூஸையும் கூட்டியாந்துட்டேன். தம்பி, உங்க மாமாங்க, பொண்ணோட அண்ணனுங்க, கல்யாண வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் உங்களைத் தேடித் தெருத்தெருவா அலையறாங்க! நீங்க இங்க இருக்கீங்கன்னு சொல்லி அனுப்பட்டுமா?

– கொஞ்சம் இரு ஜொரினா, சொல்லாத. மாப்பிள்ளை, ஏன் என் கையை இப்படிப் புடிக்கிறீங்க? குத்தூஸ் நட்டுல ஸ்பேனரைப் போட்டுட்டான். ஒரே வார்த்தை. உங்களுக்கு இந்தக் கல்யாணம் வேணுமா, வேணாமா?

– எனக்கு வேணும் பாய். ரொம்ப வேணும். அவளுக்குத்தான் வேணாம். எங்கிட்ட மட்டும் சொன்னா. இந்நேரம் பரிசால் ஊருக்குப் போற கப்பலைப் புடிக்கப் போய்க்கிட்டிருப்பா. எல்லாரும் என்னைத் தேடுற வரைக்கும்தான் அவளை யாரும் தேட மாட்டாங்க.